நிறுத்தம் நான்கு

அந்தேரி ஸ்டேஷன், மேற்கு வாசல்.
ஞாயிறு காலை ஏழே கால்.
பதினோரு பேர், தலைக்கு முந்நூற்றைம்பது,
தண்ணீர் நாமே கொண்டுவர வேண்டும்.
ஓஜஸ் கர்மார்க்கர் எங்கள் தோளில்
பச்சை ஸ்டிக்கர் ஒட்டினான்:
எரிமலை நடை.

எரிமலை என்ற சொல்லை
தேர்தல் மேடைகளில்தான் கேட்டிருக்கிறேன்.
வெடிக்கும், வெடிக்கும் என்பார்கள்.
பிறகு மைக்செட்டைக் கழற்றுவார்கள்.

முதல் நிறுத்தம் பான் கடை ஓரம்.
லேமினேட் செய்த படத்தில்
தக்காணம் முழுக்கச் செம்மஞ்சளாய்க் கொதித்தது.
இரண்டாவது, ஒரு தகவல் பலகை.
'ஆறரைக் கோடி' வரை படிக்க முடிந்தது.
ஆண்டா ரூபாயா என்பதை
பத்தாம் வகுப்பு டியூஷன் விளம்பரம் மறைத்திருந்தது.

மூன்றாவதில் எல்லோரும் கழுத்தை வளைத்தோம்.
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
பிரிக்காத ஊதுபத்திக் கட்டை
நிமிர்த்தி வைத்ததுபோல் கறுப்பாய்,
கில்பர்ட் ஹில்.
குழம்பு மெல்ல ஆறினால் சுருங்கும், என்றான் ஓஜஸ்,
சுருங்கினால் நெடுக்காய் வெடிப்பு விடும்.
அவசரமாய் ஆறியிருந்தால் இந்தத் தூண்கள் இல்லை.

ஓடியதும் ஆறு,
தணிந்ததும் ஆறு,
ஐந்துக்கு அடுத்ததும் ஆறு.
பக்கத்தில் நின்றவர் குஜராத்திக்காரர்.
சொல்லாமல் தண்ணீர் குடித்தேன்.

நான்காவது நிறுத்தம், பார்வைமுனை. பூட்டியிருந்தது.
மழையில் கல் உதிர்ந்ததாம்.
ஓஜஸ் யாருக்கோ போன் செய்தான்,
மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மேலிருந்து ஒரு குரல், இந்தியில்:
"என் மாடிக்கு வாங்க. தலைக்குப் பத்து ரூபாய்.
செருப்பு கீழே."

இரும்பு ஏணி. கேஸ் அடுப்பைத் தாண்டி,
தூங்குகிற ஒருவரின் காலைத் தாண்டி.
தகரக் கூரைக்குக் கீழே ஜீன்ஸ் மலை.
ரெஹமத்பி பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்,
பேன்ட் ஒன்றுக்கு எழுபது பைசா.
நூற்றுப் பத்து ரூபாயை எண்ணி
முழங்காலுக்கடியில் வைத்தாள். ஓஜஸுக்கு இலவசம்.

அங்கிருந்து எதுவும் தெரியவில்லை.
கடல் இல்லை, விமான நிலையம் இல்லை.
கை நீட்டினால் கல், அவ்வளவுதான்.
அதன் வெடிப்பொன்றில்
யாரோ செருகிவைத்த பல்துலக்கி.

"இது முழுக்க ஆறிப்போய்
கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு" என்றான் ஓஜஸ்
பதினோரு பேருக்கும் கேட்கும்படி.

ரெஹமத்பி தலை தூக்கவில்லை.
"மே மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு வா."

மூன்று சுவருக்குத்தான் செங்கல் வாங்கினாளாம்.
நாலாவது இதுவே.
பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு
இருட்டியதும் வீட்டுக்குள் விடும்.
ஈரக் கோணியைப் போர்த்திவிடுவாள், கல்லுக்கு.
பிள்ளைகள் எதிர்ச் சுவரோரம் படுப்பார்கள்.
ஆனி ஆடியில் அதுவே வியர்க்கும்.
காலண்டர் மாட்டப் பார்த்து
நாலு ஆணி வளைந்ததுதான் மிச்சம்.

ஓஜஸ் நோட்டை எடுத்தான்,
எதையோ எழுதப்போய்
பேனாவை மூடினான்.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள் எங்கள் பக்கம்.
அதைச் சொன்னவருக்கு
இப்படி ஒரு சுவர் இருந்திருக்காது.

உள்ளங்கையை வைத்தேன்.
ஒன்பது மணி வெயில்தான் அது,
தெரியும்.
இருந்தாலும் சீக்கிரம் எடுக்க மனம் வரவில்லை.

இறங்கும்போது அவள் மகள் கை நீட்டி
என் ஸ்டிக்கரைக் கேட்டாள்.
கொடுத்தேன். கல்லில் ஒட்டினாள், விழுந்தது.
எச்சில் தொட்டு ஒட்டினாள், விழுந்தது.
நெற்றியில் ஒட்டிக்கொண்டு
ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்,
நாங்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

ஐந்தாவது நிறுத்தத்துக்கு நேரமில்லை.

தாதரில் வண்டி மாறும்போது பார்த்தேன்,
என் சாக்ஸில் நீல நூல் ஒன்று.
சயான் வரை
அது அங்கேயே இருந்தது.